மழலையர் ஈரற் கழலைகள்: பொறுத்தலும் அறுத்தலும்

மலர்க் குழுவினர் எம்மிடம் வந்து, தொழில் சார்ந்த பொருளொன்றை யாவருக்கும் விளங்கும் தமிழில் எழுதித் தருமாறு கேட்டபோது, எதை எழுதுவது எனச் சில நாள் தடுமாறினோம். நீரிழிவும் குருதியமுக்கமும் எழுதலாம். ஆயின் அவ்விரண்டையும் நம் பழைய மாணவர் பலர் சொந்த அனுபவத்தால் எம்மினும் நன்கறிவர். ஆதலின், எம் வாழ்நாளில் ஒருமுறை எமது கைக்கு எட்டியும் கருத்துக்கு எட்டாமற் போன ஒரு நோயைப் பற்றி எழுதுவதே நேர்மை என முடிவு செய்தோம். அது மழலைப் பருவத்தில் ஈரலில் தோன்றும், புற்றுநோயல்லாத கழலைகளைப் பற்றியது.

ஊவா மாகாணத்தில் நாம் அரசாங்க வைத்தியராகக் கடமை பார்த்த காலம். கொஸ்லந்தைக்கு மேலே, மீரியபெத்தப் பக்கத்து லயமொன்றிலிருந்து ஒரு தாய் தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு ஒரு வயதும் ஒரு மாதமும். அரையிலே மந்திரித்த கறுப்புக் கயிறு. "டொக்டர் ஐயா, புள்ளைக்கு வயிறு மட்டுந்தாங்க வளருது; கையும் காலும் அப்படியேதான் கெடக்குது" என்றார். நாம் நிறைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தோம். கோடு மாதந்தோறும் ஒழுங்காக ஏறியிருந்தது. நிறை ஏறும் பிள்ளைக்கு நோய் ஏது எனக் கருதி, வெளியே நின்ற நீண்ட வரிசையையும் நோக்கி, பூச்சி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினோம். வயிற்றில் கை வைத்துப் பார்த்தோமா என்று இன்று எவரேனும் கேட்பின், வைத்தோம் என்று சொல்ல எமக்குத் துணிவில்லை. ஆறு வாரங்கழித்து அத்தாய் மீண்டும் வந்தபோது கை வைத்தோம். வலப்பக்க விலாவின் கீழிருந்து தொப்புளுக்கும் அப்பால், உரித்த தேங்காய் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தாற்போல ஒரு திரட்சி இருந்தது.

நோயின் பெயரை அந்தத் தாய் தம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம். வயிறு வளர்ந்தது, உடல் வளரவில்லை. தராசோ இரண்டையும் சேர்த்தே நிறுத்தது. ஏறியது பிள்ளையின் நிறையன்று, கழலையின் நிறை. பதிவேட்டுக் கோடு சில வேளைகளில் பொய் சொல்லும் என்பதை எக்கல்லூரியிலும் எமக்குக் கற்பித்தாரில்லை. கற்பித்தபோது நாம் வகுப்பில் இல்லாதிருந்தோமோ, அறியோம்.

நிற்க. இவ்விடத்து ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். நம்மவர் வயிற்றிலே தட்டுப்படும் எதனையும் 'கட்டி' என்பர். சீழ் பிடித்ததும் கட்டி, வீங்கிய மண்ணீரலும் கட்டி, புற்றுநோயும் கட்டி. இவற்றுள் மிகப் பழைய அச்சத்தை விளைத்தது 'ஈரற்குலைக்கட்டி' என்பது. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளின் ஈரல் இறுகிக் கல்லாகி, மஞ்சள் பாரித்து, வயிற்றில் நீர் தங்கி, பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோன நோய் அது. ஒரே வீட்டில் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்ததும் உண்டு. சென்னையில் ஜம்மி வெங்கடரமணய்யா என்பார் இதற்கெனச் செய்த மருந்தின் பெயரைத் தமிழகத்துத் தாய்மார் பலர் அறிந்திருந்தனர். 1980களில் புனே நகரில் ஆராய்ந்தவர்கள், பித்தளை, செப்புப் பாத்திரங்களிற் காய்ச்சி வைத்த பாலின் வழியாகக் குழந்தையின் ஈரலில் செம்பு மிகுதியாகச் சேர்தலே அதன் தலையாய காரணம் எனக் காட்டினர். பாத்திரம் மாறியது, நோயும் ஏறத்தாழ மறைந்தொழிந்தது. ஆயின் அந்நோய் விட்டுச்சென்ற அச்சம் மறையவில்லை. 'ஈரலில் கட்டி' என்ற அளவில், இனி இப்பிள்ளை தங்காது என்று கைவிடும் மனநிலை அதன் எச்சமே என்பது எம் கருத்து. ஈரற்குலைக்கட்டியில் ஈரல் முழுவதும் கெட்டது. நாம் இங்கே பேசும் கழலையிலோ, பெரும்பாலும் ஈரலின் ஒரு பகுதியில் வேண்டாத வளர்ச்சி ஒன்று இருக்கும். எஞ்சிய ஈரல் நல்ல ஈரலாகவே இருக்கும். சத்திரசிகிச்சை இயலுவது இந்த வேறுபாட்டினாலேயே.

குழந்தையின் ஈரல் இயல்பிலேயே பெரிது. பிறந்த குழந்தையின் உடல் நிறையில் ஏறத்தாழ 20 இல் ஒரு பங்கு ஈரலாகும்; வளர்ந்தவரிடத்து அது 50 இல் ஒரு பங்கை ஒட்டியே நிற்கும். ஆகவே நல்ல உடல்நலமுள்ள சிசுவுக்கும் வலப்பக்க விலாவின் கீழே ஓரிரு சென்ரிமீற்றர் அளவு ஈரலின் விளிம்பு மெதுவாகக் கைக்குத் தட்டுப்படலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விளிம்பு கீழிறங்கியிருப்பதும், ஒரு பக்கம் மட்டும் புடைத்திருப்பதும், கெட்டியாயிருப்பதும், வயிறு விம்மிக் கைகால் மெலிவதுமே அஞ்சத்தக்கன.

சிறுவர்க்கு உண்டாகும் கழலைகள் எல்லாவற்றுள்ளும் ஈரலில் தோன்றுவன மிகச் சிலவே. அச்சிலவற்றுள்ளும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தீங்கற்றது. அதாவது, பக்கத்து உறுப்புகளைத் துளைத்துச் செல்லாதது, குருதி வழியே பரந்து வேறிடத்தில் முளைக்காதது. ஆனால் 'தீங்கற்றது' என்ற சொல்லை நம்பி ஏமாறலாகாது. பெரியவர் ஒருவரின் வயிற்றில் இருக்கும் தேங்காயளவுக் கழலை அவருக்குப் பாரமாயிருக்கும். ஒரு வயதுப் பிள்ளையின் வயிற்றிலோ அதே தேங்காய் மூச்சை முட்டும், இரைப்பையை நெருக்கி உணவை மறுக்கச் செய்யும், பெருநாளத்தை அழுத்திக் கால்களை வீங்கச் செய்யும். குணத்தால் நல்லதாயினும் இருக்குமிடத்தால் கொல்லும். மறுதலையாக, கழலை என்றாலே கத்தி என்று எண்ணுவதும் பிழை. இவற்றுட் சில தாமே தேய்ந்து மறைவன. எது பொறுக்கத்தக்கது, எது அறுக்கத்தக்கது என்று அறிவதே இத்துறையின் சாரம்.

பொறுக்கத்தக்கவற்றுள் முதன்மையானது ஹெமன்ஜியோமா எனப்படும் குருதிக்குழாய்க் கழலை. மழலையர் ஈரலில் தோன்றும் தீங்கற்ற கழலைகளுள் மிகுதியாகக் காணப்படுவதும் இதுவே. பெரும்பாலும் பிறந்த ஆறு மாதத்துள் வெளிப்படும். சில குழந்தைகளின் தோலில் முந்திரிப்பழச் சிவப்பில் மெத்தென்ற மறுக்கள் தோன்றுவதை வாசகர்கள் கண்டிருப்பர். 'கிரகண வேளையில் தாய் சொறிந்ததால் வந்தது' என்று பாட்டிமார் சொல்வர். தாய்மீது பழி போடுவதற்குக் கிரகணமும் ஒரு சாக்கு. அதே வகை வளர்ச்சி ஈரலினுள்ளும் உண்டாகலாம். ஆதலினால், தோலில் இத்தகைய மறு ஐந்தோ அதற்கு மேலோ உள்ள சிசுவுக்கு ஈரலையும் ஸ்கான் செய்து பார்த்தல் வேண்டும் என்பது இன்றைய விதி. தோலைக் கண்டு ஈரலை ஐயுறும் இவ்வெளிய முறையை எந்தத் தோட்டத்து மருத்துவிச்சியும் கைக்கொள்ளலாம்.

இக்கழலை மூவகையாய் வரும். ஒற்றையாய் வருவது பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே முழுதும் வளர்ந்து முடிந்து, பிறந்தபின் சுருங்கத் தொடங்கி, ஓராண்டு அளவில் மிகச் சிறுத்துவிடும். பலவாய்ச் சிதறி வருவது முதலாண்டில் வளர்ந்து பின் ஆண்டுக்கணக்கில் தேயும். இவ்விரண்டிலும் பெரும்பான்மையோருக்குக் கவனித்திருத்தலே போதும். எனினும், குருதி நாடியிலிருந்து நாளத்துக்குக் குறுக்குவழியிற் பாய்வதால் இதயம் ஓயாது உழைத்துக் களைத்துப்போதலும் சிலரிடத்து உண்டு. மூன்றாவது வகை ஈரல் முழுவதையும் நிரப்புவது, அதுவே கொடியது. வயிறு பருத்து மூச்சுத் திணறுவதோடு, அக்கழலை தைரொயிட் ஓமோனைச் சிதைக்கும் நொதியொன்றை மிகுதியாக உண்டாக்கவும் வல்லது. மூளை வளரும் பருவத்தில் அந்த ஓமோன் குறைந்தால், ஈரல் பிழைத்தும் அறிவு குன்றிப்போம். ஆகவே இத்தகைய குழந்தைக்குத் தைரொயிட் பரிசோதனை செய்யாது விடுதல் பெரும் பிழையாகும்.

இக்கழலைக்கு மருந்து கிடைத்த வரலாறு சுவையானது. முன்னர் ஸ்ரீரொயிட் மருந்துகளும், ஈரல் நாடியைக் கட்டி விடுதலும், சில வேளை ஈரலையே அறுத்தலும் செய்யப்பட்டன. பிரான்சு தேசத்து போர்தோ நகரில், மூக்கில் குருதிக்குழாய்க் கழலையுடைய ஒரு குழந்தைக்கு ஸ்ரீரொயிட் கொடுத்தபோது இதயத் தசை தடித்துவிட்டது. இதயத்துக்காகப் புரொப்பிரனொலோல் என்ற மருந்தைக் கொடுத்தனர். இது ஜேம்ஸ் பிளாக் என்பார் 1960களில் ஆக்கியது. நெஞ்சுவலிக்கும் குருதியமுக்கத்துக்கும் பெரியவர்கள் உண்ட பழைய மாத்திரை. மறுநாளே கழலையின் நிறம் மாறி மென்மையாகத் தொடங்கியது. 2008 இல் இச்செய்தி வெளிவந்தபின், உலகெங்கும் பல நூறு குழந்தைகள் கத்தியிலிருந்து தப்பினர். தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனால் கிடைத்ததைக் கண்டுகொள்ளும் கண் அம்மருத்துவர்களுக்கு இருந்தது. இம்மருந்தும் விளையாட்டன்று. குருதியில் வெல்லம் குறைந்துபோகக்கூடுமாதலால் பால் கொடுத்தே கொடுக்க வேண்டும்; வைத்தியரின் மேற்பார்வையின்றி ஒரு துளியும் ஆகாது.

இனி அறுக்கத்தக்கது. மெசன்கைமல் ஹமர்ட்டோமா என்ற நீண்ட பெயரை 1956 இல் எட்மன்சன் என்ற அமெரிக்க நோயியலாளர் வழங்கினார். நாம் இதனை நீர்ப்பைக் கழலை என்போம். தீங்கற்றவற்றுள் இரண்டாவதாக மிகுதியும் காணப்படுவது இது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தோன்றும். வலப்பக்க ஈரலையே மிகுதியும் பற்றும். ஈரலின் இடையிழையம் தாறுமாறாய் வளர்ந்து, அதனிடையே நீர் தேங்கிச் சிறிதும் பெரிதுமான பைகளாய்த் திரள்கிறது. பலாப்பழத்தைப் பிளந்தால் சடையும் சுளையுமாய்த் தோன்றுவது போல, இதனைப் பிளந்தால் தசையும் நீர்ப்பையுமாய்த் தோன்றும். வலியில்லை, காய்ச்சலில்லை, மஞ்சளில்லை. வயிறு மட்டும் பருக்கும். நீர் விரைந்து சேருங்கால் சில வாரங்களிலேயே மிகப் பெருக்கும். எமது குழந்தைக்கு வந்தது இதுவே.

தீங்கற்றதாயின் விட்டுவைத்தால் என்ன என்று கேட்கலாம். நாமும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அவ்வாறே கேட்டோம். சில கழலைகள் தாமே சுருங்கியதாக எழுதப்பட்டிருப்பினும், பெரும்பாலானவை வளர்ந்துகொண்டே போகும். ஊசியால் நீரை வாங்கினால் மீண்டும் நிரம்பும். மிக அரிதாக, இதிலிருந்தே பின்னாளில் கொடிய புற்று முளைத்ததும் உண்டு. ஆகவே இயன்றவிடத்து, சுற்றிலும் சிறிது நல்ல ஈரலையும் சேர்த்து முழுதாக எடுத்துவிடுதலே முறை. முழுதும் எடுத்துவிட்டால் கதை அத்துடன் முடியும்; எச்சம் வைத்தால் மீண்டும் வளரக்கூடும்.

ஏனையவற்றை விரைந்து கூறிச் செல்வோம். நடுவில் நட்சத்திரம் போன்ற தழும்புடைய ஒருவகை முடிச்சு சற்று வளர்ந்த பிள்ளைகளிடத்து, சிறப்பாகப் பெண்பிள்ளைகளிடத்தும், முன்பு புற்றுநோய்க்கு மருந்து பெற்றோரிடத்தும் காணப்படும். ஐயமற நிச்சயித்துவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடலாம். அடினோமா என்பது மழலையரிடத்து அரிது. ஈரலில் மாச்சத்துத் தேங்கும் பிறவிக் கோளாறுடைய பிள்ளைகளுக்கு வளரும் பருவத்தில் வரும். உள்ளே குருதி கசியவும் சிறுபான்மை புற்றாக மாறவும் கூடியதாதலின் இதனைக் கண்காணித்து, வேண்டின் அறுப்பர்.

இவற்றினின்றும் பிரித்தறிய வேண்டியது ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய். இதுவும் மூன்று வயதுக்குட்பட்டோருக்கே பெரும்பாலும் வருவது. இதுவும் வயிற்றுத் திரட்சியாகவே வெளிப்படுவது. குருதியில் அல்பா பீட்டோ புரதம் என்பதன் அளவு இதில் மிக உயர்ந்திருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. பிறந்த சிசுக்கள் யாவரிடத்தும் அப்புரதம் இயல்பாகவே பெரியவரினும் பல்லாயிர மடங்கு மிகுந்து நின்று, சில மாதங்களில் படிப்படியாகக் குறையும். இரண்டு மாதக் குழந்தையின் எண்ணைப் பெரியவரின் அட்டவணையோடு ஒப்பிட்டால் நலமுள்ள பிள்ளையும் நோயாளியாகிவிடும். ஆகவே வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிட்டு, ஸ்கான் படத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். சிறு துண்டு எடுத்துப் பார்த்தலும் உண்டு. ஆயின் குருதிக்குழாய்க் கழலையில் ஊசி குத்துவது குருதிப்பெருக்கை வரவழைக்குமாதலால், முதலில் படம், பின்னரே ஊசி.

சத்திரசிகிச்சை என்ற அளவில் வாசகர் பலருக்கு ஒரு வியப்பு எழலாம்: ஈரலை அறுத்தால் மனிதர் பிழைப்பரா? நெடுங்காலம் வைத்தியர்களே பிழையார் என்றுதான் எண்ணினர். மானிப்பாயில் இருந்து தமிழில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஷ் கிறீன் 1867 இல் 'இரண வைத்தியம்' என்ற பெருநூலைத் தமிழில் வெளியிட்டார். சத்திரவித்தையைத் தமிழிற் சொல்ல இயலுமோ என்று இன்றும் ஐயுறுவோர், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் யாழ்ப்பாணத்தில் அது நடந்ததை அறிதல் நன்று. ஆனால் கிறீன் காலத்தில் ஈரலை அறுக்கத் துணிந்தார் உலகிலேயே இலர் எனலாம். 1880களில் பேர்லின் நகரத்துக் கார்ல் லாங்கன்புக் திட்டமிட்டு ஈரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார். பின்னர் உள்ளே குருதி பெருகவே, மறுபடியும் வயிற்றைத் திறக்க நேர்ந்தது. நோயாளி பிழைத்தார்.

குருதியே இங்குப் பகை. ஈரலுக்குக் குருதி இரு வழிகளில் வருகிறது: இதயத்திலிருந்து நாடி வழியாகக் காற்பங்கு, குடலிலிருந்து வாயில் நாளம் வழியாக முக்காற்பங்கு. இரண்டும் பித்தக் குழாயும் ஒரே கயிற்றில் முறுக்கினாற்போல் ஒன்றாய் ஈரலினுட் புகுகின்றன. அக்கயிற்றை விரலாலோ இடுக்கியாலோ இறுக்கினால் வரவு நின்றுபோம் என்பதை 1908 இல் கிளாஸ்கோ நகரத்துப் பிரிங்கிள் காட்டினார். இன்றும் அம்முறையே வழங்குகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தி, மீண்டும் இறுக்குவர்.

அடுத்தது, எங்கே அறுப்பது என்ற வினா. வெளியே பார்த்தால் ஈரல் வழுவழுப்பான ஒரே பாளம். எல்லைக் கல் எதுவும் இல்லை. பாரிஸ் நகரத்துக் குவினோ இறந்தோர் ஈரல்களின் குழாய்களில் பிசினைப் பாய்ச்சி, தசையைக் கரைத்துவிட்டு, எஞ்சிய குழாய்க் கிளைகளை ஆராய்ந்தார். ஈரல் எட்டுக் கூறுகளாலானது, ஒவ்வொன்றுக்கும் தனி வரவும் தனிச் செலவும் உண்டு என்று 1957 இல் எழுதினார். தேயிலைத் தோட்டம் பல மலைகளாய்ப் பிரிந்து, ஒவ்வொரு மலைக்கும் தனிப் பாதையும் தனிக் கானும் இருப்பதை ஊவா வாசிகள் அறிவர். ஒரு மலையின் பாதையை அடைத்தால் அடுத்த மலையின் வேலை நிற்பதில்லை. ஈரலும் அத்தகையதே. ஆகவே கூறின் எல்லை வழியே சென்றால் அயற்கூறு வாடாது.

மூன்றாவது, எப்படி அறுப்பது. இதில் ஆசியக் கைகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதைப் பெருமையுடன் குறிப்போம். ஹனோய் நகரில் தோன் தட் துங் 1930களிலேயே ஈரலின் உட்குழாய்களைத் தோண்டித் துருவி ஆராய்ந்தவர். அவரும், தாய்பே நகரத்து லின் தியென்-யு என்பாரும், கத்தியால் வெட்டாமல் ஈரலை விரல்களிடையே நசுக்கிப் பிரிக்கும் முறையைக் கையாண்டனர். வாழைத்தண்டை ஒடித்தால் சதை உடைந்தும் நார் அறாது நிற்பதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? அதுபோல் ஈரற் சதை நொறுங்கும். குழாய்கள் நார்போல் எஞ்சும். எஞ்சியவற்றை ஒவ்வொன்றாய்க் கட்டி வெட்டிவிடலாம். இன்று விரலின் வேலையை ஒலியலையால் அதிரும் ஒரு கருவி செய்கிறது, நுட்பம் அதுவே.

மழலைக்கு இவையனைத்தையும் செய்தல் வேறொரு பாடு. எட்டுக் கிலோ நிறையுள்ள பிள்ளையின் உடம்பில் ஓடும் குருதி முழுவதும் ஏறத்தாழ 640 மில்லிலீற்றர். நான்கு தேநீர்க் கோப்பை எனலாம். அதில் ஒரு கோப்பை சிந்தினால் உயிருக்கு ஆபத்து. பெரியவரிடத்து ஒரு பஞ்சுத்துண்டிற் போகும் குருதியைப் பொருட்படுத்த மாட்டார்கள். இங்கே அப்பஞ்சையும் நிறுத்துக் கணக்கிடுவர். குழந்தையின் உடற்சூடு விரைந்து தணியும். சூடு தணிந்தால் குருதி உறையாது. ஆதலின் அறையையே வெப்பமாக்கி, ஏற்றும் குருதியையும் இளஞ்சூடாக்குவர். சத்திரசிகிச்சை செய்வோர் வியர்த்துக் கொட்டுவர். பிள்ளைக்கு அது இதமாயிருக்கும். விலாவின் கீழே குறுக்காகத் திறந்து, ஈரலைத் தாங்கும் பட்டைகளை விடுவித்து, கழலைக் கூறுக்குச் செல்லும் நாடி நாளங்களைத் தேடிக் கட்டி, அதன்பின் ஈரலைப் பிரித்து, கடைசியில் மேலே பெருநாளத்தோடு சேரும் ஈரல் நாளத்தை வெட்டுவர். இக்கடைசி இடமே மிகக் கொடியது; அங்கே கிழிந்தால் குருதி பெருகுவது மட்டுமன்றி, காற்றும் உட்புகுந்து இதயத்தை அடைக்கக்கூடும். மயக்கமருந்து கொடுப்பவரும் கத்தி பிடிப்பவரும் ஒருவர் பேச்சை ஒருவர் இடையறாது கேட்டபடியே நிற்க வேண்டிய நேரம் அது.

எமது குழந்தையைக் கொழும்புக்கு அனுப்பினோம். எடுத்த கழலை ஒரு கிலோவைத் தாண்டியது என்று கடிதம் வந்தது. பதிவேட்டுக் கோட்டிலிருந்து அந்த ஒரு கிலோவைக் கழித்து நாம் மீண்டும் கீறிப் பார்த்தோம். ஆறு மாதமாகக் கோடு ஏறவேயில்லை.

நல்ல ஈரலாயின் முக்காற்பங்கு வரை எடுத்தாலும் எஞ்சியது தாங்கும் என்பது வியப்புக்குரிய உண்மை. வெட்டிய கூறு பல்லிவால் போல் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய கூறுகள் பருத்துத் தேவையான அளவை எட்டுகின்றன. சில வாரங்களில் பெரும்பகுதியும் சில மாதங்களில் முழுமையும் நிறைவுறும். அதுவரை முதற்சில நாட்கள் குருதியில் வெல்லம் தாழாமலும், குருதி உறையும் தன்மை குன்றாமலும், வெட்டிய முகத்திலிருந்து பித்தம் கசியாமலும் காத்தல் வேண்டும்.

ஈரல் முழுவதையும் கழலை பற்றியவிடத்து, மருந்தும் தோற்றால், ஈரலையே மாற்றுதல் இறுதி வழி. 1963 இல் டென்வர் நகரில் ஸ்டார்சல் முதன்முதல் முயன்றபோது குழந்தை பிழைக்கவில்லை. 1997 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியில், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற தமிழரான முகமது ரேலா, பிறந்து ஐந்தே நாளான சிசுவுக்கு ஈரல் மாற்றினார். மறு ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியைப் பொருத்தியது டில்லி அப்பலோ ஆஸ்பத்திரி. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றியாக முடிந்த முதலாவது ஈரல் மாற்று அது. அப்பிள்ளை பின்னாளில் தானே மருத்துவராயிற்று. இவை பித்தக்குழாய் அடைப்பு முதலிய பிற நோய்களுக்குச் செய்யப்பட்டவை; எனினும் கழலை நிறைந்த ஈரலுக்கும் அதே கதவு திறந்தது.

இனி மீரியபெத்தவுக்குத் திரும்புவோம். 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை அம்மலை சரிந்து லயங்களை மூடியதை அறியாதார் இலர். பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்தில் சேறே இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவ்விடம் ஆபத்தானது என்று எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. குறி தெரிந்தும் ஆள் பெயரவில்லை. பெயர இடமும் கொடுக்கப்படவில்லை. அச்செய்தியைப் படித்த அன்று நாம் முதலில் நினைத்தது, பூச்சி மருந்தோடு திருப்பியனுப்பிய அந்தத் தாயையே. அவர் குறியைச் சொன்னார், கேட்டவர் நாம்.

தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை ஸ்கான் அறையை அடைவதற்குள் எத்தனை வாயில்கள்! ஒருநாட் சம்பளம் போகும். மற்றப் பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்தில் விட வேண்டும். கொஸ்லந்தைக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து பெரகலை ஏறி, தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போக வேண்டும். பின்னர் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்பு. பொரளையிலுள்ள லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி. பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரியும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பது இந்நாட்டின் பேறு; ஆனால் பஸ்ஸுக்கும், காத்திருக்கும் நாட்களுக்கும், மொழி தெரியாத வார்ட்டில் தாய் தனித்திருப்பதற்கும் விலை உண்டு. ஆகவே மலையிலேயே ஐயுறுதல் நடைபெற வேண்டும். நிறை பார்க்கும் நாளில் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையைத் தராசிலிருந்து இறக்கியவுடன், சட்டையை உயர்த்தி, வலப்பக்க விலாவின் கீழ் ஒரு கையை மெதுவாக வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். நம் கல்லூரியிலிருந்து வைத்தியராகவும் தாதியராகவும் ஆசிரியராகவும் தோட்டத்து உத்தியோகத்தராகவும் போயிருப்பவர் பலர். பிள்ளையை இறுகக் கட்டிய அரைஞாண் இரண்டு மாதத்தில் இருமுறை தளர்த்தப்பட்டதாகத் தாய் சொன்னால், அதுவும் ஓர் அளவுகோலே. அவரோடு வாதிடாமல் ஸ்கானுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.

நீர்ப்பைக் கழலையை முழுதும் எடுத்த பிள்ளைகளைச் சில ஆண்டுகள் இடையிடையே ஸ்கான் செய்து பார்ப்பர். உணவில் பத்தியம் வேண்டியதில்லை. தடுப்பூசிகளை வைத்தியர் குறித்த நாட்களில் வழக்கம்போற் போடலாம். எமது குழந்தையின் தாய் மூன்றாம் முறை வந்தபோது கேட்டது இரண்டு கேள்விகள். முதலாவது, புள்ளை ஓடியாடி விளையாடலாமா என்பது; காயம் ஆறிச் சில வாரங் கழித்து விளையாடலாம் என்றோம். இரண்டாவது, அரைஞாணைத் திரும்பக் கட்டலாமா என்பது. தளர்வாகக் கட்டுங்கள் அம்மா, இறுகும்போது எம்மிடம் கொண்டுவாருங்கள் என்றோம்.